இரண்டு டை, ஒரு மீசை

போன வாரம் செஞ்சியில் அம்மாவோடு உட்கார்ந்து 'தில்லு முல்லு' பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. எங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடினால் யாரும் சேனல் மாற்ற மாட்டார்கள், அது ஒரு எழுதப்படாத சட்டம். அம்மா வழக்கம்போல தேங்காய் சீனிவாசன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஒட்டு மீசை வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன்டா உம்முனு இருக்க?" என்றார் அம்மா. "தூக்கம்மா" என்றேன். அது பொய்.

விஷயம் இதுதான். வருகிற திங்கட்கிழமை சென்னையில் ஒரு புது வேலையில் சேர வேண்டும். 24 வருட அனுபவத்தில் இது ஐந்தாவது கம்பெனி. பழைய வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. போன விதம் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, ஐ.டி.யில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதும் இல்லை. அந்த ஏழு மாதத்தில் நான் அனுப்பிய விண்ணப்பங்களில் முக்கால்வாசிக்குப் பதிலே கிடையாது. அப்புறம் ஒரு கன்சல்டன்சிக்காரர் போனில் அன்பாகத்தான் சொன்னார்: "சார், ரெசியூம்ல பி.இ. முடிச்ச வருஷத்தை எடுத்துடுங்க. 2001-னு பார்த்தாலே அடுத்த பக்கம் போயிடறாங்க. போட்டோவும் கொஞ்சம் பழசா போடுங்க."

எடுத்தேன். போட்டேன். அது எட்டு வருடத்துக்கு முந்தைய போட்டோ, தலை முழுக்கக் கறுப்பு. வீடியோ இன்டர்வியூவில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், முகம் நிழலில் இருக்கும்படி. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் சொந்தப் பதில்தான் சொன்னேன், அதில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை. வேலை கிடைத்தது. இப்போது அந்த போட்டோவில் இருக்கும் ஆள் திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. அவனை எங்கிருந்து கூட்டிப்போவது?

இந்தப் படத்தை இப்படி ஒரு நிலைமையில் பார்க்கக்கூடாது. அல்லது இப்படித்தான் பார்க்க வேண்டுமோ என்னவோ.

படத்தை மறந்துபோனவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா இல்லாத சந்திரனுக்கு ஒரு வேலை வேண்டும், வீட்டில் தங்கை இருக்கிறாள். ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி என்ற முதலாளியிடம் வேலை காலி. அவருக்குச் சில கொள்கைகள் உண்டு: மீசை வைத்தவன்தான் யோக்கியன், விளையாட்டில் நாட்டமுள்ள இளைஞன் உருப்பட மாட்டான், உடை நம் நாட்டு உடையாக இருக்க வேண்டும், சிபாரிசு என்ற பேச்சே கூடாது. இதையெல்லாம் குடும்ப நண்பர் ஒருவர் (பூர்ணம் விஸ்வநாதன்) முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிறார். சந்திரன் அதற்குத் தகுந்தாற்போல் ஜிப்பா போட்டு, ஃபுட்பால் என்றால் என்ன என்று கேட்கிற முகத்தோடு போய் வேலை வாங்கிவிடுகிறான். பிறகு, இல்லாத அம்மாவைச் சாக்குச் சொல்லி விடுப்பு எடுத்து மேட்ச் பார்க்கப் போய் முதலாளி கண்ணில் பட்டுவிடுகிறான். அது நான் இல்லை, என் இரட்டைச் சகோதரன் இந்திரன், மீசை இல்லாத உதவாக்கரை என்கிறான். அப்புறம் இந்திரனுக்காக மீசையை மழிக்க வேண்டியிருக்கிறது, சந்திரனுக்காக ஒட்ட வேண்டியிருக்கிறது.

இது தமிழுக்கு வந்த கதை. ஹிருஷிகேஷ் முகர்ஜி 1979-ல் இந்தியில் எடுத்த 'கோல்மால்'தான் மூலம். கே. பாலசந்தர் 1981-ல் தமிழில் எடுத்தார், வசனம் விசு. அடிதடியும் ஸ்டைலுமாக இருந்த ரஜினிக்கு முதல் முழுநீள நகைச்சுவைப் படம். அவர் தயங்கியதாகவும் பாலசந்தர் சொன்னதால் ஒப்புக்கொண்டதாகவும் சொல்வார்கள். 2013-ல் மறுபடியும் ஒன்று எடுத்தார்கள், அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

இந்தப் படத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்வது என்ன? மூட நம்பிக்கையுள்ள முதலாளியைப் புத்திசாலி இளைஞன் ஏமாற்றுகிறான், நாம் இளைஞன் பக்கம் நின்று சிரிக்கிறோம். நானும் முப்பது வருடமாக அப்படித்தான் பார்த்தேன். இந்தத் தடவை பார்த்தபோது வேறு ஒன்று உறைத்தது.

வேலைக்குப் போகும் அன்று சந்திரனின் மீசை நிஜ மீசை. அது வெறும் முடி, அதில் பொய் ஏதும் இல்லை. வேலை கிடைத்த பிறகுதான் அது பொய்யாகிறது. அதாவது, எந்த மீசையால் அவனுக்கு வேலை கிடைத்ததோ அதே மீசையைத் தினமும் பசை வைத்து ஒட்டிக்கொண்டு அந்த வேலைக்குப் போக வேண்டும். கிடைக்கும் வரை சொந்தமாக இருந்தது, கிடைத்த பிறகு உடுப்பாகிவிட்டது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். சந்திரனிடம் நமக்குப் பிடித்தது என்னென்ன? ஃபுட்பால் பைத்தியம், பாட்டு, குறும்பு, வாய். இதெல்லாம் யாரிடம் போய்ச் சேர்கிறது? இந்திரனிடம். முதலாளியின் மகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவன் இந்திரன். 'ராகங்கள் பதினாறு' இந்திரன் பாடுவது. மாதவி காதலிப்பதும் அவனைத்தான், ஆபீசுக்குப் போகிற உத்தமனை அல்ல. மீசையுள்ள சந்திரனிடம் மிச்சம் இருப்பது வணக்கமும் குனிந்த முதுகும்தான். வேலைக்காகத் தோற்றத்தை மாற்றிக்கொள்கிறவன் தன்னிடமுள்ள கெட்டதை மறைக்கிறான் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்தப் படத்தில் நடப்பது நேர் எதிர். அவனிடம் உயிரோடு இருந்த பாதியைத்தான் வெளியே துரத்தி, அதற்கு உதவாக்கரைத் தம்பி என்று பெயர் வைக்கிறான். ஆபீசுக்குப் போவது மீதிப் பாதி.

இதை பாலசந்தர் யோசித்து வைத்தாரா, மூலக்கதையிலேயே இருந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. படத்தில் இருக்கிறது.

என் தொழில் பாஷையில் சொன்னால் இது டெக்னிக்கல் டெப்ட். அவசரத்துக்கு ஒரு குறுக்குவழியில் கோட் எழுதி ரிலீஸ் பண்ணிவிடுவோம். வேலை செய்யும். அப்புறம் அதைக் காப்பாற்ற இன்னொரு பேட்ச், அந்தப் பேட்சைக் காப்பாற்ற இன்னொன்று. இந்திரன் ஒரு பேட்ச். இறந்துபோன அம்மாவுக்குப் பதிலாக சௌகார் ஜானகியை அம்மாவாக நடிக்க வைப்பது அதற்கு மேல் ஒரு பேட்ச். அந்த அம்மாவுக்கும் ஒரு இரட்டை என்று போகும்போது சிஸ்டம் மொத்தமும் ஆட்டம் காண்கிறது. படத்தின் பின்பாதி இழுவை என்று நான் ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன், இன்னமும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த இழுவைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பொய்யை ஆரம்பிக்க ஐந்து நிமிடம் போதும், பராமரிக்கத்தான் ஒன்றரை மணி நேரம்.

நான் வாங்கிய முதல் டை பற்றிச் சொல்ல வேண்டும். 2001-ல் பி.இ. முடித்தேன். அது டாட் காம் குமிழி உடைந்து, கேம்பஸில் ஆர்டர் வாங்கியவர்களையே 'அப்புறம் கூப்பிடுகிறோம்' என்று காக்க வைத்த வருடம். எனக்கு ஒரு வழியாக அழைப்பு வந்தபோது அப்பா என்னைக் கூட்டிப்போய் இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு கறுப்பு பேன்ட், ஒரு மெரூன் டை வாங்கிக் கொடுத்தார். கட்டத் தெரிந்த ஆள் தெருவில் யாரும் இல்லை. ஒரு கான்வென்ட் ஸ்கூல் பையனின் எலாஸ்டிக் டையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா? கடைசியில் திண்டிவனத்தில் ஒரு நண்பன் முடிச்சுப் போட்டுக் கொடுத்தான், அதை அவிழ்க்காமலே நாலு மாதம் கழுத்தில் மாட்டினேன். இப்போது ஐந்தாவது வேலைக்கு முன்னால் எல்லோரும் கேட்பது இன்னொரு டை: "டை அடிச்சுக்கலையா?" தமிழில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஜான் மொல்லாய் என்பவர் 1975-ல் 'டிரெஸ் ஃபார் சக்சஸ்' என்று ஒரு புத்தகம் எழுதி, என்ன கலர் சூட் போட்டால் என்ன மரியாதை கிடைக்கும் என்று வகுப்பெடுத்தார். அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்று யூடியூபில் 'புது வேலைக்கு முன் பத்து நாளில் புது நீங்கள்' என்று வருகிற வீடியோக்கள். வேலை போன ஏழு மாதத்தில் நான் நிறைய பார்த்தேன். முகத்துக்கு இது, தலைக்கு அது, தூக்கம் எட்டு மணி நேரம், காலையில் நடை. மோசமான அறிவுரை என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட, யாருடைய கண்ணுக்காக இதைச் செய்கிறாய் என்று கேட்பதில்லை. தூக்கமும் நடையும் எனக்கு. தலைக்கு அடிக்கிற சாயம் எனக்கா? இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு 'நலம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

நடையை நான் எடுத்துக்கொண்டேன். சேருவதற்கு முன் மெடிக்கல் டெஸ்ட் இருக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதனால் இந்தப் பதினைந்து நாளும் கோட்டைப் பக்கம் நடக்கிறேன். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். சின்ன வயதில் ஓடி ஏறிய படிகளில் இப்போது மூன்று இடத்தில் உட்காருகிறேன். கீழே, தானியக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் உடற்பயிற்சிக் கூடம் என்று பெயர் வழங்குகிற கட்டடம் ஒன்று உண்டு. இந்த வயதில் அதைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் அப்படி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோதுதான் ராஜாராம் நினைவுக்கு வந்தார். இந்தக் கோட்டைக்குத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு புது வேலைக்கு வந்த ஆள் அவர்தான். சிவாஜியின் இளைய மகன். அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் 1689 மார்ச்சில் கொன்ற பிறகு பத்தொன்பது வயதில் மராட்டியருக்கு அரசனாகிறார். முகலாயப் படை துரத்துகிறது. பன்ஹாலாவிலிருந்து லிங்காயத்து யாத்திரிகர் வேடத்தில் சில தோழர்களோடு கிளம்பி, கெளதி ராணி சென்னம்மாவின் உதவியோடு கன்னட நாட்டைக் கடந்து, அந்த ஆண்டின் கடைசியில் செஞ்சி வந்து சேர்கிறார். பிறகு எட்டு ஆண்டுக்கு மேல் இதுதான் மராட்டியத் தலைநகரம்.

வழியில் பெங்களூரில் அவர்கள் மாட்டப் பார்த்த கதை ஒன்று உண்டு. வேடம் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் ஓய்வெடுக்கும்போது ஒரு ஆள் இன்னொரு ஆளின் காலைக் கழுவிவிட்டதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாதாரண யாத்திரிகனுக்கு எவன் கால் கழுவுவான்? ராஜாராமைத் தப்ப வைத்துவிட்டுச் சில தோழர்கள் பின்தங்கி, அடி உதை வாங்கியும் வாயைத் திறக்கவில்லை என்பார்கள். முகத்தில் எதுவும் தப்பாக இல்லை, பழக்கம் காட்டிக்கொடுத்தது. என் விஷயத்திலும் அப்படித்தான் ஆகும் என்று தோன்றியது. தலையைக் கறுப்பாக்கிக்கொண்டு போய், முதல் மீட்டிங்கிலேயே "நாங்க ஒய்டுகே பக் பார்த்த காலத்துல..." என்று ஆரம்பித்துவிடுவேன். (2000-ல் நான் இன்னும் படித்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் சொல்லுவேன்.)

ராஜாராம் வேடம் போட்டது உயிருக்காக. அதை வேலைக்கான ஒப்பனையோடு சேர்ப்பது கொஞ்சம் அதிகம்தான். இன்னும் பொருத்தமான ஆள் கரிகாலன். பழமொழி நானூறில் வரும் கதை: வழக்கோடு வந்த முதியவர்கள் அரசன் இவ்வளவு சின்னப் பையனா, இவனால் நியாயம் சொல்ல முடியுமா என்று தயங்க, அவன் நரைமுடி வைத்துக்கொண்டு முதியவனாக வந்து தீர்ப்புச் சொல்கிறான். அவனுக்கு நரை தேவைப்பட்டது. எனக்கு நரை போக வேண்டியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டாயிரம் வருடம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேச்சைக் கேட்பதற்கு முன் தலையைப் பார்க்கிறார், அது மட்டும் மாறவில்லை. ஆனால் கரிகாலன் கதையில் எனக்குப் பிடித்தது, அவன் அன்றைக்கு ஒரு நாள் போட்டான், தீர்ப்பைச் சொன்னான், அதோடு கதை முடிந்தது. மறுநாளும் ஒட்டிக்கொண்டு வந்ததாக யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டியவர்களை வயதைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்று 1967-லேயே சட்டம் போட்டார்கள். போட்டதால் நின்றுவிட்டதா என்பது வேறு. நம்மூரில் தனியார் வேலைக்கு அப்படி ஒரு தனிச்சட்டமே இல்லை. அதனால் கன்சல்டன்சிக்காரர் சொன்னதில் அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. பூர்ணம் விஸ்வநாதன் செய்த வேலையைத்தான் அவர் எனக்குச் செய்தார்.

பூர்ணம் என்றதும் இன்னொரு படம் வருகிறது. 'தில்லு முல்லு'வுக்கு முந்தைய ஆண்டு, 1980-ல், அதே பாலசந்தர் 'வறுமையின் நிறம் சிவப்பு' எடுத்தார். அதில் பூர்ணம் கமலுக்கு அப்பா. மகன் ரங்கன், தத்துவம் படித்தவன், பாரதி பித்தன், டெல்லியில் வேலை தேடுகிறான். யாருக்காகவும் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டான். கடைசியில் சலூனில் முடிதிருத்தும் வேலைக்குப் போகிறான், அதில் நிமிர்ந்தும் நிற்கிறான். அப்பா அவனை அங்கே பார்க்க நேர்கிறது.

இந்த இரண்டு படத்தையும் அடுத்தடுத்து பாருங்கள். ஒரே இயக்குநர், ஒரே காலம், வேலையில்லாத இளைஞர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு கார்டு வருமா என்று வருடக்கணக்கில் காத்திருந்த காலம். ஒரு படத்தில் பொய் சொல்ல மறுத்தவன் கையில் சவரக்கத்தி. இன்னொன்றில் பொய் சொன்னவன் முகத்தில் சவரக்கத்தி. முதல் படத்தைப் பார்த்து அழுத அதே ஜனம் அடுத்த வருடம் இரண்டாவதைப் பார்த்துச் சிரித்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கடுமையான படம். ரங்கன் எல்லாவற்றையும் இழந்தாலும் ஒரே ஆளாக இருக்கிறான். சந்திரன் சம்பளம் வாங்குகிறான், ஆனால் வீட்டுக்கு இரண்டு பேராகத் திரும்புகிறான்.

'தில்லு முல்லு'வில் எனக்கு இருக்கிற மனக்குறை முடிவு பற்றி. முதலாளிக்கு விஷயம் தெரிகிறது, கத்துகிறார், மன்னிக்கிறார், கல்யாணம். சரி, நகைச்சுவைப் படம், அப்படித்தான் முடியும். ஆனால் அந்த மனிதர் என்ன தப்பு செய்தார்? தேங்காய் சீனிவாசன் அந்தப் பாத்திரத்தை வில்லனாக நடிக்கவில்லை, அங்கேதான் அவர் பெரிய நடிகர். மீசையை நம்புகிற அந்த மனிதர் சந்திரன் மேல் வைக்கிற பாசம் நிஜம். அவனுக்காக உருகுகிறார். மீசை ஏமாற்றியதை விட அந்த உருக்கத்தை ஏமாற்றியதுதான் பெரிது. படம் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறது. மூடத்தனமான விதி வைத்தவரை ஏமாற்றலாம் என்பது படத்தின் கணக்கு. விதி மூடத்தனமாக இருக்கலாம், வைத்தவர் மனிதராயிற்றே. என்னை வீடியோவில் இன்டர்வியூ செய்த பையனுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கலாம். முடிந்ததும், "உங்ககிட்ட கத்துக்க நிறைய இருக்கு சார்" என்றான். நிழலில் இருந்த முகத்திடம் அதைச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை கூட்ரோட்டுப் பக்கம் சலூனுக்குப் போனேன். இப்போது இருப்பவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர், அவர் அப்பாதான் எனக்கு ஸ்கூல் கட்டிங் வெட்டியவர். துண்டைப் போர்த்தியதும் கேட்டார்: "டை அடிச்சிடலாமாண்ணே? புது வேலைன்னு அம்மா சொன்னாங்க." செஞ்சி அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

"எல்லாரும் அடிச்சுக்கிறாங்களா?" என்றேன்.

"அத ஏன் கேக்கறீங்க. ஒரகடம் கம்பெனிக்குப் போற பசங்க இங்கதான் வருவானுங்க. தலையில செம்பட்டையா கலர் போட்டிருப்பானுங்க, இன்டர்வியூன்னதும் அதை எடுத்துக் கறுப்பாக்குன்னுவானுங்க. தாடி எடு, கோடு எடு. போலீஸ் செலக்‌ஷன்னா ஒட்ட வெட்டு. உங்கள மாதிரி ஆளுங்க வெள்ளையை எடுத்துக் கறுப்பாக்கச் சொல்றீங்க. மொத்தத்துல எல்லாருக்கும் கறுப்பு வேணும்."

சில வேலைகளுக்கு நியாயமான காரணம் உண்டு. விஷவாயு முகமூடி போடுகிறவனுக்குத் தாடி இருந்தால் முகமூடி தோலோடு ஒட்டாது, உயிர் போய்விடும். சமையற்கூடத்தில் முடியைக் கட்டச் சொல்வது சாப்பிடுகிறவனுக்காக. அந்த மாதிரி இடத்தில் மீசையை எடு என்றால் எடுக்க வேண்டியதுதான். டேட்டாபேஸுக்கு என் தலை நரைத்திருப்பது தெரியாது.

அவர் அந்தச் சாய டப்பாவை எடுத்துக் காட்டினார். படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு. பாராஃபினைலின் டையமின் என்று இருந்தது. சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரும், அதனால் 48 மணி நேரம் முன்பே கொஞ்சமாகத் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தடவினால் ஞாயிறு சாயங்காலம். கணக்கு சரியாகத்தான் வந்தது. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், இவ்வளவும் யோசித்துவிட்டு வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பார்த்துவிட்டார். "என்னடா காதுகிட்ட மை?" சொன்னேன். "உங்கப்பா ரிட்டயர் ஆகற வரைக்கும் அடிச்சார். தலைகாணி உறை பூரா கறை" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. அப்பா தலை கறுப்பு என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பிசிராந்தையாரைப் பற்றிப் பேசுகிறவர் அப்பாதான். வயதாகியும் உமக்கு நரை இல்லையே எப்படி என்று கேட்டதற்கு அந்தப் புலவர் சொன்ன காரணங்களை விரல் விட்டு எண்ணிச் சொல்வார்: நல்ல மனைவி, நிறைந்த பிள்ளைகள், சொன்னது உணர்ந்து நடக்கிற ஏவலாட்கள், அல்லது செய்யாமல் காக்கிற அரசன், ஊரில் அடங்கிய சான்றோர். ஐந்தில் ஒன்றுகூட எண்ணெய் இல்லை என்று சிரிப்பார். அப்படிச் சிரித்தவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் உட்கார்ந்து சாயம் பூசியிருக்கிறார். அந்தப் பட்டியலில் ஏவலாட்களும் அரசனும் ஊரும் அவர் கையில் இல்லை. மேலதிகாரி கையில் இருந்தவர் அவர்.

அதற்கப்புறம் லேப்டாப்பைத் திறந்தேன். புது கம்பெனியின் ஜாயினிங் ஃபார்ம் பாதியில் நின்றிருந்தது. பிறந்த தேதி, ஆதார், பி.எஃப். யு.ஏ.என். நம்பர். அந்த ஒரு நம்பரில் என் பிறந்த தேதியும் இதுவரை நான் பார்த்த கம்பெனிகளும் ஏறிக் கிடக்கின்றன. ஹெச்.ஆர். ஆட்களுக்கு என் வயது தெரிய என் தலை தேவையே இல்லை. ஆக நான் மறைத்தது யாரிடமிருந்து? பட்டம் பெற்ற ஆண்டு என்ற கட்டத்தில் 2001 என்று போட்டேன். போட்டோ ஏற்றும் இடத்தில் பழைய போட்டோ தானாக வந்து நின்றது. அதை நீக்கிவிட்டு, அம்மாவை போனில் ஒன்று எடுக்கச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் சிரிடா" என்றார் அம்மா.

இன்று ஞாயிறு. காதுக்குப் பின்னால் அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. டெஸ்ட் பாஸ். சலூன் ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும். ஏழு மணிக்கு எனக்குச் சென்னை பஸ்.